வடக்குக் கொட்டகைச் சாமந்தி

நவம்பர் மாதம் கோயில் வளாகத்தில் சாமந்திக் கண்காட்சி முடிந்த மறுநாள் எங்கள் ஒகிசாவா ஊர் ஆண்களைப் பார்க்க வேண்டும். மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்பிவிட்ட தகப்பன் மாதிரி, கடமை முடிந்தது என்று காலை நீட்டி உட்கார்ந்து அரிசி மதுவான சாக்கே குடிப்பார்கள். பூ வாடித் தலை தொங்கிய தொட்டிகள் லாரியில் வந்து முற்றத்தில் இறங்கும். அதற்குப் பிறகு அந்தத் தொட்டிகள் என்ன ஆகின்றன, அடுத்த மே மாதம் பச்சைப்பசேலென்று கன்றுகள் எங்கிருந்து வந்து வரிசையாக நிற்கின்றன என்று இவர்களில் ஒருவராவது யோசித்திருப்பாரா? கிண்ணத்தில் சோறு எப்படி வந்தது என்றே யோசிக்காதவர்கள், இதையா யோசிக்கப் போகிறார்கள்?

மசுயே அக்காவைப் பற்றிக் கோபப்படாமல் சொல்ல எனக்கு வராது. என் பெயர் ஹிசானோ. அவள் வீட்டுக்கு எதிரில் பெண்களுக்கு முடி திருத்தும் கடை வைத்திருக்கிறேன். கடை ஜன்னல் கண்ணாடி வழியாக அவள் வீட்டு முற்றம், கிணற்றடி, வடக்குப் பக்கத்துக் கொட்டகை எல்லாம் தெரியும். நான் சொல்வது புல்லட் ரயில் எங்கள் மலைப்பக்கம் எட்டிப் பார்க்காத காலத்துக் கதை.

அக்காவின் கணவர் தொகுஜி அண்ணன் தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குடித்துவிட்டு அடிக்கிறவர் இல்லை, ஊர் சுற்றுகிறவர் இல்லை. நல்ல மனிதர்தான். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். கெட்டவனாக இருந்தால் திட்டிவிட்டுப் போகலாம். சாமந்தி வளர்ப்பதில் அவரைப் போல இந்த வட்டாரத்தில் யாரும் இல்லை என்று பெயர். ஒரு செடியில் மூன்று தண்டு, மூன்று பூ, ஒவ்வொன்றும் சோற்றுக் கிண்ணம் அளவு. பூவுக்கு அடியில் கம்பி வளையம் கட்டி, இதழ்களை ஒவ்வொன்றாக நீவி விட்டு, வருஷம் தவறாமல் முதல் பரிசான தங்கப் பட்டையை வாங்கிவிடுவார். கூடத்துச் சுவர் முழுக்கச் சான்றிதழ். எல்லாவற்றிலும் அவர் பெயர்.

ஆனால் அவருக்குக் குளிர்காலம் தெரியாது. அது அக்காவின் வேலை. வாடிய தண்டை ஒரு சாண் விட்டு வெட்ட வேண்டும். தண்டை ஒட்டிக் கொழுகொழுவென்று முளைக்குமே, அது உதவாது. பார்க்க நன்றாக இருக்கும், பூவில் ஏமாற்றிவிடும். தண்டிலிருந்து விலகி, தொட்டியின் ஓரத்தில் மண்ணைப் பிளந்துகொண்டு, சிறுத்துச் சிவந்து தரையோடு தரையாக உட்கார்ந்திருக்கும் முளைதான் அடுத்த வருஷத்துப் பூ. பகல் குறுகிச் சூரியன் திரும்பும் நாள் வரும்போது அவற்றைப் பிரித்து நட்டு, வடக்குக் கொட்டகையில் அடுக்க வேண்டும். பனி மேலே விழக்கூடாது. குளிர் படாமலும் இருக்கக்கூடாது. அந்தக் குளிரில் நன்றாகத் தூங்கிய செடிதான் வசந்தத்தில் எழுந்து நிற்கும். வேர் காய்ந்ததா என்று விரலை விட்டுப் பார்த்து, வெயில் எட்டிப் பார்க்கிற நேரத்தில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் விட்டு, எலி வந்தால் துரத்தி, இப்படி மார்ச் வரை. இருபது வருஷத்துக்கு மேல் அவள் கை வெடித்து ரத்தம் கசிந்ததை நான் பார்த்திருக்கிறேன். அண்ணன் அதற்கு வைத்த பெயர் "பொம்பள வேலை". பாத்திரம் கழுவுவதோடு சேர்த்தி.

ஒரு அக்டோபரில் முடி சுருட்டிக்கொள்ள வந்த அக்கா, தலையில் சுருளிகளோடு உட்கார்ந்துகொண்டு தானாகச் சிரித்தாள்.

"என்னக்கா, தனியா சிரிக்கிறீங்க? அண்ணன் காதல் கடுதாசி ஏதாவது குடுத்தாரா?"

"அந்தாளு குடுத்துட்டாலும்! தபால் தலைக்குக் காசு கேப்பாரு." கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். "ஹிசானோ, என் பூ பூத்துடுச்சுடி."

அவளே விதை போட்டு முளைக்க வைத்த செடி அது. சாமந்தி விதையிலிருந்து வருவது எல்லாம் குப்பை, ஒன்றுகூடத் தாயைப் போல் இருக்காது. அந்தக் குப்பையில் பொறுக்கிப் பொறுக்கி, நாலைந்து வருஷமாக ஒரே ஒரு செடியைக் கொட்டகையின் மூலையில் வைத்துக் காப்பாற்றிக்கொண்டு வந்திருக்கிறாள். நான் போய்ப் பார்த்தேன். இதழின் உள்பக்கம் அடர்ந்த சிவப்பு, வெளிப்பக்கம் பழைய தங்கம். மடங்கி மடங்கி உள்ளே சுருண்டிருந்தது. எனக்குப் பூவைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் பார்த்ததும் அதன் முன்னால் அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டேன்.

"பேரு என்னக்கா?"

"வெக்கல. அடுத்த வருஷம் கோயில்ல கண்காட்சில நிக்கட்டும். அன்னிக்கு வெப்பேன். கீழ பலகையில வளத்தது மசுயேன்னு இருக்கணும். அவர் பேரு இல்ல. என் பேரு."

அவளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். உலகத்தில் வேறு எதையும் அவள் கேட்டு நான் பார்த்ததில்லை. ஆனால் எங்கள் ஊர்ச் சாமந்திச் சங்கத்தில் வீட்டுக்கு ஒரு பெயர்தான், அது குடும்பத் தலைவர் பெயர். சங்கத் தலைவர் ஹொரிகொமே, சாக்கே ஆலைக்காரர். அவர் சம்மதித்தால் நடக்கும். "நான் பேசுறேன்" என்று அண்ணன் வாக்குக் கொடுத்தார்.

அந்த நவம்பரில் கண்காட்சி முடிந்த கையோடு செண்டாய் நகரத்தில் இருக்கும் மகளுக்குப் பிரசவ நேரம். அக்கா அவசர அவசரமாக எல்லாத் தொட்டிகளின் தண்டையும் வெட்டினாள். அவற்றையும் தன்னுடைய ஒற்றைத் தொட்டியையும் கொட்டகைக்குள் வைத்துவிட்டு, அண்ணனிடம் விரலை நீட்டிச் சொல்லிவிட்டுப் போனாள். நான் தெருவில் நின்று கேட்டேன்.

"மத்ததெல்லாம் எப்படிப் போனாலும் பரவால்ல. இதுல ஒரு வேர்தான் இருக்கு, இன்னும் பிரிக்கல. காஞ்சா மட்டும் தண்ணி. எடத்த மாத்தாதீங்க. பாவம்னு உள்ள தூக்கிட்டு வராதீங்க."

"எத்தன தடவ சொல்லுவ? வண்டி போயிடும், கெளம்பு."

பேரன் பிறந்து, மகளுக்கு உடம்பு தேறி, அவள் திரும்பி வந்தது ஜனவரி பாதியில். நான் கடை வாசலில் பனி வாரிக்கொண்டிருந்தேன். பையைக்கூட இறக்காமல் நேரே கொட்டகைக்குப் போனவள், போன வேகத்தில் வெளியே வந்தாள்.

"என் தொட்டி எங்க?"

"வந்ததும் வராததுமா என்ன? உள்ள வா மொதல்ல. பேரன் யாரு சாடை?"

"தொட்டி எங்கன்னு கேட்டேன்."

அண்ணன் தலையைச் சொறிந்தார். "நல்ல எடத்துலதான் இருக்கு. தலைவர் வீட்டுல, கண்ணாடி வீட்டுக்குள்ள. கண்காட்சி முடிஞ்ச விருந்துல உன் பேர் விஷயத்த எடுத்தேன். மொதல்ல செடியக் குடு, நான் வளத்துப் பாக்குறேன், அப்புறம் பேர் விஷயம் பேசலாம்னாரு. உனக்காகத்தான் குடுத்தேன். அங்க மண்ணெண்ணெய் அடுப்பு இருக்கு, ராத்திரி பகலா கதகதன்னு..."

"தொட்டியோடயா?"

"ஆமா. அரைகுறையாக் குடுத்தா மரியாதையா இருக்காதே."

அவள் கத்தவில்லை. நான்தான் மண்வெட்டியைப் பனியில் குத்திவிட்டுக் கத்தினேன். "ஏண்ணே, உங்க சான்றிதழ் ஒண்ணயாவது தூக்கிக் குடுத்தீங்களா? அடுத்தவங்க வயித்துப் புள்ளயத் தத்துக் குடுக்க உங்களுக்கு யாரு உரிமை குடுத்தா?" அண்ணன் என்னைப் பார்த்து, "இது எங்க வீட்டு விவகாரம்" என்றார். எங்கள் வீட்டு விவகாரம் என்று சொல்லும்போது மட்டும் இவர்களுக்கு வீடு ஞாபகம் வரும்.

அக்கா ரப்பர் பூட்ஸோடு அப்படியே ஹொரிகொமே வீட்டுக்கு நடந்தாள். நானும் கடையைச் சாத்திவிட்டுப் பின்னால் போனேன். தலைவர் வீட்டில் சங்கத்து ஆட்கள் இரண்டு மூன்று பேர் இருந்தார்கள். அவர்களுக்குத் தன் கண்ணாடி வீட்டைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தார். உள்ளே போனதும் என் மூக்குக் கண்ணாடியில் ஆவி படிந்துவிட்டது. துடைத்துவிட்டுப் பார்த்தேன். நடுமேடையில் அக்காவின் தொட்டி. அதில் புத்தம்புது மரப்பலகை, தூரிகையால் அழகாக எழுதியிருந்தது: "ஹொரிகொமேயின் பெருமை."

அக்கா பலகையை ஒரு முறை பார்த்தாள். குனிந்து இலையைத் தொட்டுப் பார்த்தாள்.

"தலைவரே, இது என் தொட்டி. திருப்பிக் குடுத்துடுங்க."

"ஏம்மா, குடுத்த செடியத் திருப்பிக் கேக்குற பழக்கம் நம்ம சங்கத்துல கெடையாதே."

"குடுத்தது நான் இல்லீங்க."

"உன் வீட்டுக்காரர் குடுத்தாரு. வீட்டுக்கு ஒரு பேருதானே?"

"சரி, குடுக்க வேணாம். இத வெளியில, நெழல்ல வையுங்க. இன்னும் ரெண்டு மாசக் குளிர் பாக்கி இருக்கு. இந்தச் சூட்டுல இது தூங்காது. தூங்காட்டி வசந்தத்துல எந்திரிக்காது. தண்டே விடாது, தலைவரே." அவள் குரல் கெஞ்சியது. தன் பூவுக்காக அவள் அந்த ஆளிடம் கெஞ்சியதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

"நான் எண்ணெய் ஊத்தி ராணி மாதிரி வச்சிருக்கேன், நீ தெருவுல தள்ளச் சொல்ற!" என்று ஹொரிகொமே மற்றவர்களைப் பார்த்தார். "தூங்கலன்னா ஒரு தாலாட்டுப் பாடிட்டாப் போச்சு." எல்லாரும் சிரித்தார்கள்.

"பாடுங்க, பாடுங்க" என்றேன் நான். "உங்க குரலக் கேட்டா செடி வேரப் புடுங்கிக்கிட்டு ஓடியே போயிடும்." ஒருவரும் சிரிக்கவில்லை. என்னை வெளியே போகச் சொன்னார்கள்.

திரும்பி வந்து வீட்டு வாசலில் நின்ற அக்கா, "அவன் பேர வச்சுட்டான்னுகூட எனக்கு வருத்தம் இல்லடி. கொன்னுடுவான்னுதான் பயமா இருக்கு" என்றாள். அதற்குப் பிறகும், சொன்னால் நம்ப மாட்டீர்கள், அண்ணனின் தொட்டிகளில் இன்னும் பிரிக்காமல் கிடந்த முளைகளைப் பிரித்து நடப் போய்விட்டாள். எனக்கு அவள் மேலேயே கோபம் வந்தது.

மே மாதம் ஹொரிகொமேயின் சின்ன லாரி வந்து நின்றது. எல்லார் வீட்டுச் சாமந்தியும் முழங்காலை எட்டிப் பார்க்கிற நேரம். அவர் இறக்கி வைத்த தொட்டியில் இலைகள் தரையோடு தரையாக வட்டமாக அமுங்கிக் கிடந்தன. தண்டு என்று ஒன்று இல்லை. பலகையைப் பிடுங்கிய ஓட்டை மண்ணில் அப்படியே இருந்தது.

"தொகுஜி, இது முடம். முட்டைக்கோஸ் மாதிரி உக்காந்துக்கிட்டு அசைய மாட்டேங்குது. பொம்பள போட்ட வெத வேற எப்படி இருக்கும்?" என்றார்.

அதற்கு அண்ணன் என்ன செய்தார் தெரியுமா? இடுப்பு வளையக் கும்பிட்டு, இரண்டு கையாலும் தொட்டியை வாங்கிக்கொண்டு, "ரொம்ப சிரமம் குடுத்துட்டோம், நன்றி" என்றார். நன்றியாம்! நான் ஒரு அம்மாளின் தலையில் சோப்பு போட்டபடி கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கை இறுகியதில் அந்த அம்மாள் அலறிவிட்டாள்.

அக்கா அந்தச் செடியைக் கோடை முழுக்கப் பார்த்துக்கொண்டாள். அது சாகவில்லை. ஆனால் எழவும் இல்லை. அக்டோபரில் மற்றச் செடிகள் மொட்டுக் கட்டி நின்றபோது அது இலையை மட்டும் விரித்துக்கொண்டு முறைத்துக்கொண்டிருந்தது. கண்காட்சியில் அதற்கு இடம் கேட்க என்ன இருக்கிறது?

அந்த வருஷமும் அண்ணனுக்குத் தங்கப் பட்டை. கோயில் வளாகத்தில் நாணல் தட்டிப் பந்தலுக்குக் கீழே ஆண்கள் நின்று ஒருவர் பூவை ஒருவர் புகழ்ந்துகொண்டிருந்தார்கள். பெண்கள் வழக்கம்போலத் தேநீர் ஊற்றினோம். அக்கா கெட்டிலோடு ஹொரிகொமேயின் பக்கத்தில் நின்றபோது அவர் சத்தமாகக் கேட்டார். "என்ன தொகுஜி, உன் வீட்டம்மா பூ எங்க? வினிகர்ல போட்டுத் தின்னுட்டீங்களா?"

எங்கள் பக்கத்தில் சாமந்தி இதழை வேகவைத்து வினிகரில் போட்டுச் சாப்பிடுவோம், அதனால் அது நல்ல நகைச்சுவை. எல்லாரும் சிரித்தார்கள். தொகுஜி அண்ணனும் சிரித்தார்.

அக்கா அவரைப் பார்த்தாள். ஹொரிகொமேயைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்தாள். பிறகு கெட்டிலைப் பெஞ்சில் வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்து போனாள். அந்தச் சிரிப்பை அவர் அடக்கியிருந்தால் அவள் இன்னும் இருபது வருஷம் கொட்டகைக்குள் குனிந்திருப்பாள் என்றுதான் நினைக்கிறேன்.

கண்காட்சி முடிந்து தொட்டிகள் வந்து முற்றத்தில் இறங்கின. அக்கா தன் முடங்கிய செடியை மட்டும் தூக்கிக் கொட்டகைக்குள் வைத்துக் கதவைச் சாத்தினாள். வாடிய பூக்களோடு அவர் தொட்டிகள் வெளியே நின்றன. ஒரு நாள் போயிற்று, இன்னொரு நாள் போயிற்று. காற்றில் பனி வாசனை வந்துவிட்டது. அண்ணன் என் கடைக் கதவைத் தள்ளித் தலையை நீட்டினார்.

"ஹிசானோ, அவ இதுக்கு என்னதான் பண்ணுவா? நீ பாத்திருப்பியே."

"எனக்கு மனுஷத் தலைய வெட்டத்தான் தெரியும், அண்ணே."

மறுநாள் காலையில் அவரே கத்திரியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். தண்டை ஒரு சாண் விட்டு வெட்டினார், சரிதான். அப்புறம் தொட்டி ஓரத்தில் இருந்த சின்னச் சின்ன முளைகளை வேரோடு பிடுங்கிப் பின்னால் எறிய ஆரம்பித்தார். நான் பிடித்திருந்த தலையை அப்படியே விட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடினேன். அதற்குள் அக்காவே வெளியே வந்துவிட்டாள்.

"என்ன பண்றீங்க?"

"நீதான் தொட மாட்டேங்குறியே. தண்ட ஒட்டி எப்படிக் கொழுத்திருக்கு பாரு, அத விட்டுட்டு இந்தக் களையத்தான் புடுங்குறேன்."

அவள் அந்தக் குவியலைப் பார்த்தாள். அடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். "இதுங்க என்ன பாவம் பண்ணுச்சு" என்று முணுமுணுத்தபடி மண்டியிட்டாள். அவை எல்லாம் அவள் கையில் குளிர்காலம் தாண்டி வந்த வம்சங்கள். எந்த முளை எந்தப் பூ என்று இலையைப் பார்த்தே அவளுக்குத் தெரியும். வகை வகையாகப் பிரித்து ஏப்ரனில் எடுத்து வைத்தாள். பாதியில் நிறுத்தி, நிமிர்ந்து கேட்டாள்.

"இது உங்களுக்கு வேணாமா?"

"களைய வச்சுக்கிட்டு நான் என்ன பண்ண? எடுத்துக்கோ."

"ஹிசானோ, கேட்டியா?"

"நல்லாக் கேட்டேன்க்கா. தெரு முழுக்கக் கேட்டுச்சு."

அக்கா எழுந்து நின்றாள். "அடுத்த வருஷத்துப் பூ அம்புட்டும் இதுதாங்க. அந்தக் கொழுத்ததுல ஒண்ணுகூட ஒழுங்காப் பூக்காது. குடுத்த செடியத் திருப்பிக் கேக்குற பழக்கம் உங்க சங்கத்துல கெடையாது, இல்ல?"

அண்ணனின் கையில் கத்திரி அப்படியே நின்றது. "அப்ப நான் கண்காட்சில எத வப்பேன்?"

"நீங்க வெக்க வேணாம். நான் வெக்கிறேன். எல்லாத் தொட்டியையும். வீட்டுக்கு ஒரு பேருதானே? இந்த வீட்டுப் பேரு இனிமே மசுயே. போயி உங்க தலைவர்கிட்டச் சொல்லிட்டு வாங்க."

"அவரு சிரிப்பாரே, மசுயே."

"சிரிக்கட்டும். இந்தத் தடவ நீங்க சிரிக்காம நில்லுங்க."

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் நகரவில்லை. அவர் கத்திரியைக் கீழே வைத்துவிட்டு, கைமண்ணைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, ஹொரிகொமேயின் ஆலைப் பக்கம் போகும் தெருவில் நடக்க ஆரம்பித்தார்.